அறுபதடி வீதி வளைந்த கதை

"தம்பி, உந்த றோட்டை ஒரு பனை நீளத்துக்கு இஞ்சாலை தள்ளேலாதோ?"

கனகரத்தினம் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். மேசைக்கு முன்னால் பொன்னம்பலம் நின்றார். கையில் ஒரு பை நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். அந்தப் பையைக் கண்ட உடனேயே எழும்பி ஓடியிருக்க வேண்டும். அவ்வளவு புத்தி அவனுக்கு அந்த வயதில் இருக்கவில்லை. மாம்பழத்தில் ஆசையும் இருந்தது.

"எந்த றோட்டு ஐயா?" என்றான், ஒன்றும் தெரியாதவன் போல.

"நீர் கீறுற றோட்டுத்தான். அறுபதடி றோட்டு."

கனகரத்தினம் இலுப்பைவெளிச் சபைக் கந்தோரில் படம் கீறுகிறவன். எண்பத்து நாலாம் ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. இன்னும் இருபது வருடத்தில் இலுப்பைவெளி பெரிய நகரமாகிவிடும். எங்கே வீதி, எங்கே சந்தை, எங்கே பஸ் நிலையம் என்று இப்போதே திட்டப்படம் கீறி அனுப்ப வேண்டும். நாளைக்குப் பின்னேரம் பஸ் ஓடுமா, ஊரடங்கா என்று தெரியாத காலம் அது. ஆனால் சபைக்குப் பொறுப்பாக இருந்த ஆணையாளர் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

"நாளைக்கு நடக்கிறதை யோசிக்கத்தான் ஏலாது, கனகரத்தினம். இருவது வருசத்துக்குப் பிறகு நடக்கப்போறதை யோசிக்க ஆர் தடை? நீர் கீறும்," என்று சொல்லிவிட்டார்.

கனகரத்தினம் உரும்பிராய்ப் பக்கத்திலிருந்து கொழும்புத்துறைப் பக்கம் பார்த்து ஒரு நேர்கோடு கீறினான். அறுபதடி அகல வீதி. இரண்டு பக்கமும் வாய்க்கால், மரம் நட இடம். கீறிவிட்டுச் சற்று நேரம் ரசித்துக்கொண்டும் இருந்தான். அப்போதுதான் பியோன் அடைக்கலநாதன் தேத்தண்ணி கொண்டுவந்தார். பென்சனுக்குக் கிட்ட நின்ற மனுசன். கோப்பையை வைத்தார், படத்தைக் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இலுப்பைவெளியில் சும்மா காணி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு காணியும் யாரோ ஒரு பெட்டைக்குச் சீதனம். ஒழுங்கைக்குள் கிடக்கிற காணிக்கு வாத்தியார் மாப்பிள்ளை வரும். தார் றோட்டுக் கரைக் காணிக்குக் கிளாக்கர் வரும். அறுபதடி வீதி என்றால் எஞ்சினியருக்குக் கீழே யாரும் வாய் திறக்க முடியாது. இது படம் கீறப் படித்த பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சொல்லித்தராத பாடம்.

"சின்னவளுக்கு எத்தினை இடத்திலை பேசிப்போட்டன்," என்றார் பொன்னம்பலம், கேட்காமலே கதிரையை இழுத்துப்போட்டு. "எல்லாரும் 'ஒழுங்கை ஒடுக்கம், மாப்பிள்ளையின்ரை கார் வராது' எண்டு போயிட்டினம். அதிலை ஒருத்தனிட்டையும் கார் இல்லை, அது வேறை கதை."

"ஐயா, றோட்டு எண்டா நேராத்தானே போகவேணும்?"

"ஏன் நேராப் போகவேணும்? ஆறு நேராவே போகுது?"

"யாழ்ப்பாணத்திலை ஆறே இல்லையே ஐயா."

"இல்லாத ஆறே வளைஞ்சு போகலாம் எண்டா, வரப்போற றோட்டுக்கு என்ன வந்தது?"

 மாம்பழம் மணத்தது. கனகரத்தினம் அழிறப்பரை எடுத்துக் கோட்டில் ஒரு துண்டை அழித்தான். கிழக்கே ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தான்.

நட்டம் அவனுக்குத்தான். ஏனென்றால் அந்தப் படத்திலே அவனுக்கு ஒரேயொரு காணிதான் முக்கியம். அது கிழக்கே கிடந்தது.

கதிரவேலருடைய கலட்டி என்று அதற்குப் பெயர். கல்லும் நாயுண்ணிப் பற்றையுமான நிலம். போக ஒழுங்கைகூடக் கிடையாது, நாலு பேருடைய வேலிக்குள்ளால் புகுந்து போக வேண்டும். கதிரவேலருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கட்டிக் கிளிநொச்சிக்குப் போய்விட்டாள். இளையவள் குணலட்சுமிக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் கலட்டிப் பக்கம்தான் கையை நீட்டுவார். பெண் பார்க்க வந்தவர்கள் கை போன பக்கம் ஒருதரம் பார்ப்பார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர்கள் போகப் போகக் கனகரத்தினத்துக்குச் சந்தோஷம். குணலட்சுமி சபைக் கந்தோருக்கு முன்னால் இருந்த கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தாள். சுருட்டுக்கூடப் பிடிக்காத கனகரத்தினம் வீட்டில் நெருப்புப்பெட்டி அலுமாரி நிறைந்து கிடந்தது. இருவருக்கும் இடையில் விசயம் எப்போதோ முடிவாகிவிட்டது. தை பிறக்க அவனுடைய வேலை நிரந்தரமாகும். அதற்குப் பிறகு தாயை அனுப்பிப் பெண் கேட்க வேண்டியதுதான். அதுவரைக்கும் வேறு யாரும் அந்தக் கலட்டிக்கு ஆசைப்படக் கூடாது. அவனுடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் காணிக்குப் பாதை இல்லை என்பதிலேயே தங்கி நின்றது. அதனால்தான் நேர்கோட்டைக் கலட்டிக்கு மேற்கே தள்ளிக் கீறியிருந்தான்.

அடுத்து நாகலிங்கம் வந்தார். அவர் பழத்தோடு வரவில்லை, பெண்சாதியோடு வந்தார். பெண்சாதி கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள்.

"பொன்னம்பலத்துக்கு வளைச்சியள். இப்ப றோட்டு எங்கடை காணியின்ரை பின்பக்கத்தாலை போகுது," என்றார் நாகலிங்கம். "பின்வேலியைப் பாத்து எந்த மாப்பிள்ளை வருவான்? கள்ளன்தான் வருவான்."

பெண்சாதி இன்னும் பலமாக அழுதாள். மற்றக் கிளாக்கர்மார் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கனகரத்தினம் அவசர அவசரமாக வீதியை நாகலிங்கத்தாருடைய முன்படலைக்குக் கொண்டுவந்தான். அது இன்னும் கொஞ்சம் கிழக்கே.

மூன்றாவதாக வந்தவர் கொழும்புத்துறை இன்னாசித்தம்பி. சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். கடற்காற்றில் வீட்டு யன்னல் எல்லாம் துருப்பிடிக்கிறது என்று மகள் பெர்னடெட்டுக்காக கடற்கரையை விட்டுத் தள்ளி இலுப்பைவெளியில் ஒரு காணி வாங்கி விட்டிருந்தார். வரும்போது ஒரு பனையோலைக் கூடை நிறைய நண்டு கொண்டுவந்தார். எல்லாம் உயிர் நண்டு. கூடையை மேசைக் கரையில் வைத்த வைப்பில் அது சரிந்து விழுந்தது.

கனகரத்தினம் கதிரைக்கு மேலே ஏறி நின்றான். அடைக்கலநாதன் தேத்தண்ணியோடு வாசலிலேயே நின்றுகொண்டார். இன்னாசித்தம்பி மட்டும் பதறவில்லை. குனிந்து ஒரு நண்டை முதுகில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஆறுதலாகக் கேட்டார்.

"என்ன தம்பி, றோட்டு எங்கடை பக்கம் வருமோ?"

"அதைப் பேந்து கதைப்பம் அண்ணை, முதல் உதுகளைப் பிடியுங்கோ."

"பிடிக்கலாம். றோட்டு வருமெண்டா எல்லாத்தையும் பிடிச்சுப்போடுவன்."

"வரும் அண்ணை, வரும். அந்தா, அலுமாரிக்குக் கீழை ஒண்டு போகுது."

நண்டெல்லாம் கூடைக்குள் போன பிறகு, கொடுத்த வாக்குக்காக மூன்றாவது வளைவையும் இன்னும் கிழக்கே கீறினான். கீறி முடித்துப் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. அறுபதடி வீதி கலட்டியின் மேற்கு வேலியை உரசிக்கொண்டு போனது.

பின்னேரம் சங்கக்கடைக்கு ஓடினான்.

"நெருப்புப்பெட்டியோ?" என்று கேட்டாள் குணலட்சுமி, சீனி நிறுத்துக்கொண்டு.

"நெருப்பு ஏற்கெனவே பத்தியிட்டுது."

"தெரியும். மத்தியானமே எங்கடை வீட்டை ரண்டு பகுதி பொம்பிளை பாக்க வந்தவை. ஒருத்தர் வங்கியிலை வேலை. மற்றவர் சவூதியிலை. அவரின்ரை போட்டோவைத்தான் கொண்டந்து காட்டினவை. தலைமயிர் குறைவு."

"உங்கடை ஐயா என்ன சொன்னவர்?"

"காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்டவை. பேந்து காட்டுறன் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டார்."

 கிழவன் இன்னும் பெரிய இடம் வரட்டும் என்று பிடித்து வைத்திருக்கிறான் என்று கனகரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. உறுதியைக் காட்டாமல் விலையை ஏற்றுகிற கெட்டித்தனம்.

"இப்ப நான் என்ன செய்யிறது குணம்?"

"என்னைக் கேட்டா? றோட்டுக் கீறினது நானோ?" என்றாள் அவள். ஆனால் கண் கலங்கித்தான் இருந்தது.

சனி ஞாயிறு கழிந்து கந்தோர் திறந்ததும் முதல் வேலையாக மூன்று வளைவையும் அழித்துவிட்டுப் பழைய நேர்கோட்டைக் கீறினான். அடைக்கலநாதன் தேத்தண்ணி வைத்தார், குனிந்து பார்த்தார், போனார். பத்து மணிக்கு மூன்று தகப்பன்மாரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

"தம்பி, சின்னவளுக்குப் பொருத்தம் பாத்து நாளும் வைச்சாச்சு," என்றார் பொன்னம்பலம். "மாப்பிள்ளை உம்மடை றோட்டை நம்பித்தான் ஓம் எண்டவர்."

"நாங்கள் கூறைச்சீலையும் எடுத்திட்டம்," என்றார் நாகலிங்கம். பெண்சாதி வெளியே சைக்கிளடியில் நின்று அழுதுகொண்டிருப்பது கேட்டது.

"நேற்றுக் கோயில்லை கலியாண ஓலையும் வாசிச்சாச்சு," என்றார் இன்னாசித்தம்பி. "இனி றோட்டை மாத்தினா சுவாமியாரிட்டை நீர்தான் வந்து சொல்லவேணும்."

மூன்று கலியாணத்தைக் குழப்பிய பாவத்தோடு யாரால் ஊரில் இருக்க முடியும்? வளைவுகள் மூன்றும் திரும்ப வந்தன. அழித்து அழித்துத் தாள் அந்த இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து போயிருந்தது.

வீதியை அசைக்க முடியாது என்றால் கலட்டியின் மதிப்பையாவது இறக்க வேண்டும். யோசித்து யோசித்து, கலட்டிக்கு நேரெதிரே கிடந்த வெறும் நிலத்தில் 'குப்பை கொட்டுமிடம்' என்று வடிவான எழுத்தில் எழுதினான். எழுதும்போதே மனம் லேசாகிவிட்டது. குப்பைமேட்டைப் பார்த்துக்கொண்டு குடியிருக்க எந்த வங்கிக்காரன் வருவான்?

அன்று பார்த்து ஆணையாளர் படத்தைப் பார்க்க வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்ன கனகரத்தினம், றோட்டு உப்பிடி வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

"மழைத்தண்ணி ஓடுற பாங்குக்கு, சேர்," என்றான். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது.

"அட. நல்ல யோசினை. ஆனா இதென்ன, பெரிய றோட்டுக் கரையிலை குப்பையோ? இருவது வருசத்துக்குப் பிறகு வாறவன் எங்களை ஏசமாட்டானோ?" ஆணையாளர் பென்சிலை வாங்கிக் குப்பையை வெட்டினார். "இதிலை பஸ் நிலையத்தைப் போடும். பக்கத்திலை சந்தை. அதுதான் நகரத்தின்ரை நடு."

ஆணையாளர் போன பிறகு கனகரத்தினம் கனநேரம் மேசையிலேயே தலையை வைத்துக்கொண்டு கிடந்தான். அவன் காதலித்த பெண்ணின் கலட்டிக் காணி இப்போது பஸ் நிலையத்துக்கு முன்னால், சந்தைக்கு அருகில், அறுபதடி வீதிக் கரையில் இருந்தது. இலுப்பைவெளி முழுக்க அதைவிடத் திறமான காணி ஒன்று கிடையாது. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தவன் அவனே.

"டொக்டர் ஒருத்தருக்குக் கேட்டு வந்திருக்கினம்," என்றாள் குணலட்சுமி அன்று பின்னேரம்.

கனகரத்தினம் சங்கக்கடை மேசையில் இருந்த தராசையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தலைமயிரும் கனக்க இருக்கு," என்றாள் அவள். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்துப் பகிடியை விட்டுவிட்டாள். "இஞ்சை பாருங்கோ. காணிக்குப் பக்கத்தாலை றோட்டுப் போறதாலைதானே உவ்வளவு வினையும்?"

"ஓம்."

"அப்ப காணிக்கு நடுவாலை விட்டா?"

கனகரத்தினம் நிமிர்ந்தான். "விசரோ உமக்கு? காணி முழுக்கப் போயிடும். உமக்கு எண்டு ஒரு பிடி மண் மிஞ்சாது."

"போகட்டும்."

"ஒண்டுமில்லாமல் நிப்பீர் குணம்."

"ஒண்டுமில்லாமல் நிக்கிறவளை நீங்கள் கட்டமாட்டியளோ?"

சீனி வாங்க வந்த மனுசி ஒருத்தி பின்னால் நின்றபடியால் கனகரத்தினம் அழவில்லை. இல்லாவிட்டால் அழுதிருப்பான். இப்படி ஒரு பெண். தனக்குக் கிடைக்கப் போகிற அவ்வளவையும் அவனுக்காக ஒரு சொல்லில் விட்டு எறிகிறாள். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அதையே நினைத்து நினைத்துச் சைக்கிளை இரண்டு தரம் வேலியில் கொண்டுபோய் மோதினான்.

விடிந்ததும் கலட்டிக்கு நடுவால் வீதியை விட்டான். அப்படியும் கரைகளில் கொஞ்ச நிலம் மிஞ்சியது. கொஞ்சம் மிஞ்சினாலும் டொக்டர் விடமாட்டார் என்று பயம் பிடித்தது. ஆகவே கலட்டி முழுவதையும் அடைத்து ஒரு பெரிய வட்டம் கீறினான். ஆணையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"பஸ்சுகள் திரும்ப ஒரு சுற்றுவட்டம் வேணும் சேர்."

ஆணையாளர் படத்தைக் கையில் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"சுற்றுவட்டம். நடுவிலை பூக்கண்டு. கனகரத்தினம், நீர் சின்ன ஆள் இல்லை."

அடைக்கலநாதன் தேத்தண்ணி வைத்தார், குனிந்து பார்த்தார், இந்தமுறை ஓடியே போனார்.

மத்தியானத்துக்கு முன்னம் கதிரவேலர் கந்தோருக்கு வந்தார். தோளில் சால்வை, கையில் ஒன்றும் இல்லை. பழமும் இல்லை, நண்டும் இல்லை. அவருக்குப் பின்னால் பொன்னம்பலமும் நாகலிங்கமும் இன்னாசித்தம்பியும் என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்க வந்து நின்றார்கள். கிளாக்கர்மார் வேலை செய்வது போலப் பேனையைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள். ஆணையாளர் தன் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார்.

கதிரவேலர் சத்தம் போடவில்லை. அதுதான் கனகரத்தினத்துக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தம்பி, என்ரை கலட்டியிலை பூக்கண்டு நடப்போறியளாம்."

"ஓம் ஐயா."

"நடுங்கோ. ஊர் வளரத்தானே வேணும். உரும்பிராயார் பாத்து எரிய வேணும்." சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஆனா வங்கி போயிட்டுது. சவூதி போயிட்டுது. டொக்டர் ஆக்கள் வெத்திலையைக்கூடத் தொடாமல் எழும்பிப் போயிட்டினம். என்ரை பிள்ளைக்கு இனி ஆர்?"

எல்லாருடைய பார்வையும் கனகரத்தினத்தின் மேல் விழுந்தது. பொன்னம்பலம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பெடியன் கீறினதுக்குப் பெடியன்தான் வழி சொல்லவேணும்," என்றார், தனக்கு வளைத்துக் கொடுத்த நன்றிகூட இல்லாமல்.

"நியாயம்தானே," என்றார் நாகலிங்கம்.

கனகரத்தினம் எழும்பினான். கால் நடுங்கியது. ஆனால் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக அவன் நடுங்கியது அன்றுதான்.

"ஐயா, எனக்குக் காணி வேண்டாம். நகை வேண்டாம். ஒண்டும் வேண்டாம். குணலட்சுமியைத் தாங்கோ, அதுவே காணும்."

 கதிரவேலர் சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எண்ணி இன்னாசித்தம்பி அவருடைய முதுகைத் தடவிவிட்டார்.

"சீதனமில்லாமல் குடுத்தா ஊர் என்ன சொல்லும் தம்பி?" என்று சால்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"ஊருக்கு நான் சொல்லுறன் ஐயா. பிழை என்ரைதானே."

"உம்மடை அம்மா?"

அம்மா நல்லம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று கனகரத்தினம் நினைத்திருந்தான். அன்று இரவு, நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னான். அவள் ஒருநாளும் இல்லாத கோபத்தோடு எழும்பினாள்.

"ஒரு குமர்ப்பிள்ளையின்ரை காணியை வட்டம் போட்டு அழிச்சுப்போட்டு வந்து நிக்கிறாய். பெண்பாவம் எங்கடை குடும்பத்துக்கு வேண்டாம். நாளைக்கே போய்க் கேக்கிறன், நீதான் கட்டவேணும்," என்றாள்.

"கட்டுறன் அம்மா," என்றான் கனகரத்தினம், மிகுந்த மனவருத்தத்தோடு.

வேலை நிரந்தரமாகும்வரைகூடக் காத்திருக்கவில்லை. கலியாணத்துக்கு ஊரே வந்தது. வளைவுக்கு ஒரு குடும்பமாக முன்னுக்கு நின்று வேலை செய்தார்கள். பொன்னம்பலம் மாவிலையும் வாழைமரமும் கொண்டுவந்து கட்டினார். சைவக் கலியாணத்துக்கு மீன் கொண்டுவர வழியில்லாத இன்னாசித்தம்பி, கொழும்புத்துறையிலிருந்து ஒரு லொறி நிறையக் கதிரை கொண்டுவந்து இறக்கினார். நாகலிங்கத்தின் பெண்சாதி தாலி கட்டும்போதும் அழுதாள். ஆணையாளர் மணமக்களை வாழ்த்திப் பேச எழும்பி, சுற்றுவட்டத்தைப் பற்றியே பேசிவிட்டு அமர்ந்தார்.

படமும் கொழும்புக்குப் போனது. அதைக் கண்ட பெரியவர்கள் என்ன நினைத்தார்களோ, இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. இலுப்பைவெளி மட்டும் அந்த வீதியை நம்பி வரிசையாகக் கலியாணம் செய்துகொண்டிருந்தது.

கலியாணத்துக்கு அடுத்த நாள் மத்தியானம் மாமனார் வீட்டில் முதற் சாப்பாடு. கனகரத்தினத்துக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் குணலட்சுமி. எதிரே கதிரவேலர். பரிமாறிக்கொண்டு நின்றவர் மாமியார் இரத்தினம்மா. பாவம், எதையும் மனதில் வைக்காமல் முருங்கைக்காய்க் கறியை அள்ளி அள்ளி வைக்கிறார். அந்த அன்பைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் குற்றவுணர்வு தாங்க முடியவில்லை.

"மாமி, உங்களுக்கு நான் ஒண்டு சொல்லவேணும். குணத்தின்ரை கலட்டியை அழிச்சவன் நான்தான். ஆனா சபை அதை எடுக்கேக்கை நட்டஈடு தரவேணும். கந்தோர் கந்தோரா அலைஞ்செண்டாலும் அதைக் குணத்தின்ரை பேரிலை வாங்கித் தருவன். இது சத்தியம்."

குணலட்சுமி தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போனாள். கதிரவேலருக்கு மாட்டுக்குத் தவிடு வைக்கவில்லை என்ற ஞாபகம் வந்து, பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.

இரத்தினம்மா சொதி அகப்பையோடு அப்படியே நின்று மருமகனைப் பார்த்தார்.

"எந்தக் கலட்டி தம்பி? அதை மூத்தவளின்ரை கலியாணத்துக்கே எழுதிக் குடுத்தாச்சே. இளையவளுக்கு எண்டு ஒரு கோழிக்கூடு வைக்கக்கூட நிலமில்லையெண்டு நாங்கள் ஏங்கிப்போயெல்லோ இருந்தனாங்கள். ஏன், உவள் உங்களுக்குச் சொல்லேல்லையே?"